கிராமத்து வீட்டில் சின்னத் தொழில்: கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடலாம்?

வாசற்படி

வணக்கம். இந்தப் பகுதியை நெடுநாளாகப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வீட்டுக்காரருக்கு இப்போது வாரத்தில் பாதி நாள்தான் வேலை. அதுவும் நின்றுவிடலாம் என்கிறார்கள். நாங்கள் இருப்பது கிராமத்தில். பக்கத்து டவுனுக்குப் பஸ் உண்டு, ஆனால் போய் வருவதற்கே அரை நாள் ஆகிவிடும்.

நான்கு மாத வீட்டுச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. அதில் ஒரு பகுதியை எடுத்து, வீட்டில் இருந்தபடியே சின்னதாக ஏதாவது தொடங்கலாம் என்று எண்ணம். கொல்லைப்பக்கம் கொஞ்சம் இடமும் தண்ணீரும் உண்டு. ஓடுகிற தையல் மெஷின் ஒன்று இருக்கிறது, சுமாராகத் தைப்பேன். கோழி, காளான், சோப்பு, தையல் என்று நான்கு யோசனை மனதில் ஓடுகிறது. எதில் லாபம் அதிகம்? கடன் கொடுக்க ஆள் இருக்கிறது, வாங்கிப் பெரிதாகவே தொடங்கிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நுரைக்குமிழி

சோப்பு என்று பார்த்ததும் எழுத வந்தேன். நான் செய்து விற்பவள். அடக்க விலைக்கும் விற்கும் விலைக்கும் நல்ல இடைவெளி கிடைக்கும் பண்டம் இது. ஆனால் காஸ்டிக் சோடாவைக் கையாளப் பயிற்சி வேண்டும். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கண்ணுக்குக் கவசம், கைக்கு உறை, இது இரண்டும் இல்லாமல் தொடாதீர்கள். அளவும் கண் திட்டத்தில் வராது: 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்கு முழு அளவு 183 கிராம் சோடா, தோல் வறளாமல் இருக்க 5 சதவீதம் குறைத்து 174 கிராம் போடுவோம். ஆலிவ் எண்ணெய்க்கு முழு அளவே 135 கிராம்தான். எண்ணெய் மாறினால் கணக்கும் மாறும், எடை போட நல்ல டிஜிட்டல் தராசு வேண்டும்.

அப்புறம், வார்த்து வெட்டிய கட்டியை 4 முதல் 6 வாரம் காற்றாட அடுக்கி வைக்க வேண்டும். அதற்கு முன் விற்றால் சீக்கிரம் கரைந்துபோகும், வாங்கியவர் மறுமுறை வர மாட்டார்.

கோழிக்கூண்டு

முட்டைக்கு எந்தக் காலத்திலும் கிராக்கி குறையாது. இடம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. யோசிக்காமல் கோழியில் இறங்குங்கள் சகோதரி.

கணக்குநோட்டு

//எதில் லாபம் அதிகம்?//

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள் அக்கா. போட்ட பணம் எத்தனை நாளில் கைக்குத் திரும்பும்? நெருக்கடியான காலத்தில் தொழிலைத் தேர்ந்தெடுக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. நான் பார்த்தவரை சின்னத் தொழில்கள் படுத்ததற்கு நஷ்டத்தை விடப் பெரிய காரணம், லாபம் வந்து சேர்வதற்குள் கைக்காசு தீர்ந்துபோனதுதான்.

ஒரு கணக்கு. 100 போட்டால் ஆறு மாதம் கழித்து 150 ஆகத் திரும்பும் தொழில் ஒன்று. 100 போட்டால் வாரா வாரம் 110 ஆகத் திரும்பும் தொழில் இன்னொன்று. சொல்லிக் கேட்டால் முதலாவது பெரிதாகத் தெரியும், லாபம் 50 அல்லவா? ஆனால் இரண்டாவதில் வாரா வாரம் வரும் அந்த 10-ஐ வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, அதே 100-ஐத் திரும்பத் திரும்பப் போட்டு வந்தால், 26 வாரத்தில் வீட்டுக்கு 260 வந்திருக்கும், முதலும் குறையாமல் இருக்கும். அதைவிட முக்கியம், மூன்றாவது வாரத்திலேயே தொழில் சரிப்படாது என்று தெரிந்தால் நிறுத்திவிடலாம். முதலாவதில் ஆறு மாதம் ஆன பிறகுதான் தெரியவே வரும்.

உங்கள் நான்கையும் இப்படி வைத்துப் பாருங்கள். சோப்பில் இன்று போட்ட எண்ணெய்க் காசு, ஆறு வாரம் காய்ந்து, அதற்குப் பிறகு விற்றுத்தான் வரும். குஞ்சாக வாங்கி வளர்க்கும் கோழி முட்டையிட 18 முதல் 22 வாரம் ஆகும், அதுவரை தின்பது முழுக்க உங்கள் சேமிப்பு. காளான் மூன்று நான்கு வாரத்தில் வரும் என்பார்கள், அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். தையலில், அதிலும் பழுது பார்க்கும் தையலில், துணி வந்தவருடையது. உங்கள் காசு நூலிலும் ஜிப்பிலும்தான் கிடக்கும், அதுவும் இரண்டு நாளில் திரும்பிவிடும்.

என் தேர்வு தையல். அதுவும் புதிதாகத் தைத்து விற்பது இல்லை, கிழிந்ததைச் சரி செய்து கொடுப்பது.

கோழிக்கூண்டு

கணக்குநோட்டு தம்பி சொல்வது குஞ்சாக வாங்கினால். முட்டையிடும் பருவத்துக்கு வந்த பெட்டைகளையே வாங்கினால் சில வாரத்தில் முட்டை பார்த்துவிடலாமே. விலை கூடத்தான், ஆனால் ஐந்து மாதம் தீனி போடுவது மிச்சம். இன்னும் சீக்கிரம் வேண்டும் என்றால் காடை இருக்கிறது. 17, 18 நாளில் பொரிக்கும், ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும்.

கணக்குநோட்டு

பருவப் பெட்டை வாங்கினால் காத்திருப்பு குறையும், ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. தீவனக் கணக்கையும் நீங்களே சொல்லிவிடுங்கள், அக்கா முழுதாகத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

கோழிக்கூண்டு

சொல்கிறேன். முட்டைக்கோழி ஒன்று நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். 20 கோழி என்றால் நாளுக்கு 2.2 கிலோ, மாதம் 66 கிலோ. நூற்றுக்கு எழுபது முட்டையிடும் நாளில் 14 முட்டை, அதாவது ஒரு முட்டைக்கு 157 கிராம் தீவனம். அதே கோழிகள் பாதிதான் இட்டால் 10 முட்டை, ஒரு முட்டைக்கு 220 கிராம். தீனி குறையாது, முட்டைதான் குறையும். உங்கள் ஊர்த் தீவன விலையை இந்த இரண்டு எண்ணோடும் பெருக்கி, முட்டை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 157-ல் கட்டி 220-ல் கட்டாவிட்டால், வருஷத்தில் பல வாரம் கையைக் கடிக்கும் என்று அர்த்தம்.

முட்டை குறைவதற்குக் காரணங்களும் உண்டு. பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே போனால் குறையும். இறகு உதிர்க்கும் சமயத்தில் நின்றே போகும். தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இல்லாவிட்டால் ஓடு மெலிந்து கூடையிலேயே உடையும். வளர்ப்புச் செலவில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத் தீவனமே தின்றுவிடும். அதனால் சமையலறை மிச்சம், கீரைத்தண்டு, கரையான், புழு என்று ஒரு பகுதியை வீட்டிலேயே ஈடுகட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் இது நிலைக்கும். காடை 20, 25 கிராம்தான் தின்னும், ஆனால் அதன் தீவனத்தில் புரதம் கூடுதலாக வேண்டும், அது விலை.

இத்தனைக்கும் பிறகும் நான் கோழி பக்கம்தான். எச்சம் உரமாகும், விற்காத முட்டை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடாகும். விற்காத சோப்பை என்ன செய்வது?

ஈரவைக்கோல்

காளான் பற்றிக் கேட்டிருந்தார்கள். சிப்பிக் காளான்தான் வீட்டில் வளர்க்க ஏற்றது. வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, 70, 80 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்து எடுத்து, நீரை வடித்து, விதையோடு பையில் அடுக்க வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. அந்தப் பதம் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டு மூன்று வாரத்தில் பை வெள்ளையாகிவிடும், அதன் பிறகு அடுத்த வாரமே அறுக்கலாம். அறைக்குள் ஈரப்பதம் 80, 90 சதவீதம் வேண்டும். பச்சைப் பூசணம் தெரிந்தால் அந்தப் பையை உடனே தூரக் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள், பக்கத்துப் பைகளையும் கெடுத்துவிடும்.

ஆனால் உங்கள் நிலைமையைப் படித்த பிறகு எனக்கு ஒரு தயக்கம். விளைவிப்பது பிரச்சினையே இல்லை, விற்பதுதான். அறுத்த காளான் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும். எல்லாப் பையும் ஒன்றாகப் பூக்கும், ஒரே வாரத்தில் எல்லாம் கைக்கு வரும். டவுனுக்குப் போய் வர அரை நாள் என்றால், அந்த அலைச்சலும் பஸ் காசும் சேர்த்துக் கட்டுப்படியாகுமா? காய வைத்து விற்கலாம், ஆனால் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், 10 கிலோ அறுத்தால் காய்ந்து 1 கிலோ. அந்த ஒரு கிலோவுக்குப் பத்து மடங்கு விலை கொடுப்பவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் வசிக்கும் அறையில் வளர்க்காதீர்கள். காளான் வித்துத்தூள் நெஞ்சுக்கு ஆகாது.

தூரத்துவெளிச்சம்

எல்லோரும் தொழில் சொல்கிறீர்கள். ஊரில் யாரிடமும் காசு இல்லாத காலத்தில் யார் வந்து வாங்குவார்கள் என்று யாராவது யோசித்தீர்களா? டவுனிலேயே கடைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. இருக்கும் நான்கு மாதச் சேமிப்பைத் தொடாமல் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையில் சொல்கிறேன்.

தையல்மணி

தூரத்துவெளிச்சம் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் இறங்கக் கூடாது.

காசு குறையும்போது மக்கள் செலவையே நிறுத்திவிடுவதில்லை, செலவு இடம் மாறுகிறது. புதுப் பேண்ட் வாங்குபவர் பழைய பேண்டுக்கு ஜிப் மாற்றுவார். பள்ளிப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கியவர் வார் தைக்கக் கொண்டுவருவார். 1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் வந்தபோது, கிராமத்துப் பெண்கள் மாவும் தீவனமும் வந்த சாக்குத் துணியில் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார்கள். அதைப் பார்த்து ஆலைக்காரர்களே சாக்கில் பூப்போட்டு அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். கையில் காசு இல்லாத வீடுகள் எதை வாங்கும், எதைப் பழுது பார்க்கும் என்று கவனித்தவர்களுக்கு அப்போதும் வியாபாரம் இருந்தது.

சகோதரி, "சுமாராகத் தைப்பேன்" என்றீர்கள். பழுது பார்க்க அது போதும். ஜிப் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப் போய்விட்டது என்று கொண்டுவருவார்கள். பெரும்பாலும் பல் வரிசை நன்றாகவே இருக்கும், மேலும் கீழும் ஓடும் அந்த இழுப்பான்தான் தேய்ந்து வாய் அகன்றிருக்கும். குறடு கொண்டு அதன் இரண்டு பக்கத்தையும் பின்னாலிருந்து மெல்ல மெல்ல அழுத்துங்கள், ஒவ்வொரு அழுத்துக்கும் இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் வேலை முடிந்தது. பிடிக்காவிட்டால் இழுப்பானை மட்டும் மாற்றலாம். பல் உடைந்திருந்தால்தான் ஜிப் முழுவதையும் பிரிக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் மூன்று கூலி. முதல் வகைக்கு முழு ஜிப் கூலி வாங்கினால் ஊருக்குள் பேர் கெட்டுவிடும்.

ஊசி மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணத்துக்கு 14, ஜீன்ஸ் மாதிரித் தடித்ததற்கு 16. ஒரே ஊசியில் எல்லாவற்றையும் ஓட்டினால் தையல் தாவும், ஊசி உடையும், மெஷின் மேல் பழி வரும். பழைய துணியிலிருந்து பட்டன், கொக்கி, நல்ல ஜிப் எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் சேர்த்து வையுங்கள். மாத முடிவில் பார்த்தால் அந்த டப்பாவே ஒரு சின்ன முதல்.

முதலில் யார் வீட்டுக்குப் போகலாம் என்றும் யோசியுங்கள். கிராமத்திலும் மாதா மாதம் பணம் வரும் வீடுகள் உண்டு: ஆசிரியர், ஓய்வூதியம் வாங்குபவர், வெளியூரிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்பும் பெற்றோர். நெருக்கடி முற்றினாலும் அந்த வீடுகளில் புழக்கம் ஒரேயடியாக நிற்காது. பத்து வீடு அப்படி அமைந்தால் போதும்.

அடுப்படி

வீட்டில் காய்கறி விளைந்தால் அதை வேகவைத்துப் பாட்டிலில் அடைத்து விற்கலாமே? முதலே தேவையில்லை.

மாத்திரைச்சீட்டு

தயவுசெய்து அடுப்படி, இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். புளிப்பு இல்லாத காய்கறியைச் சாதாரணக் கொதிநீரில் வேகவைத்துக் காற்றுப் புகாமல் அடைத்தால், அதற்குள் பாட்டுலினம் கிருமி நஞ்சு உண்டாகலாம். மணத்தில், நிறத்தில், சுவையில் தெரியாமலே இருக்கலாம். நரம்பைச் செயலிழக்கச் செய்து உயிரையே எடுக்கும். பிஹெச் (புளிப்பைக் காட்டும் எண், புளிப்பு குறைந்தால் இது கூடும்) 4.6-க்கு மேல் இருக்கும் எந்தப் பண்டத்தையும் அழுத்தக் கலனில் 121 டிகிரி அளவுக்குச் சூடாக்காமல் அடைத்து விற்கக் கூடாது. வீட்டு அடுப்பில் கொதிக்கும் நீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அந்தக் கிருமியின் வித்து அதில் சாகாது. உலர்த்துவது, போதிய சர்க்கரையும் புளிப்பும் உள்ள பழப்பாகு, இவை பரவாயில்லை. உணவுப் பண்டம் விற்பதற்கு உங்கள் நாட்டில் என்ன பதிவு வேண்டும் என்பதையும் முதல் பாட்டில் விற்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுப்படி

தெரியாமல் இருந்தது. விவரமாகச் சொன்னதற்கு நன்றி. நானும் வீட்டுக்காக அடைத்து வைத்ததை எடுத்துப் போட்டுவிடுகிறேன்.

பழையபாஸ்புக்

கடனைப் பற்றி யாருமே எழுதவில்லை. கிராமக் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சிறு கடன் என்றதும் எல்லோரும் சொல்வது முகமது யூனுஸ் கதை. 1976-ல் பங்களாதேஷில் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்கு மொத்தமாக 27 டாலர் கொடுத்தார், அது 1983-ல் கிராமின் வங்கி ஆனது, 2006-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. அங்கே மூங்கில் முக்காலி பின்னிய பெண்ணுக்கு ஏற்கெனவே கடன் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. மூங்கில் வாங்கக் காசு கொடுத்த வியாபாரியிடமே முக்காலியை விற்க வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. நாள் முழுக்க உழைத்தாலும் மிஞ்சியது சில்லறைதான். ஆகவே மகளே, உங்களுக்குக் கடன் தருகிறேன் என்பவர் உங்கள் பொருளையும் தானே வாங்கிக்கொள்கிறேன் என்றால், அங்கேயே நின்று யோசியுங்கள். குஞ்சும் தீவனமும் கடனில் கொடுத்து, முட்டையைத் தாங்களே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இதே வகைதான்.

சிறு கடன் வறுமையை ஒழிக்குமா என்று பெரிய அளவில் பரிசோதித்தும் பார்த்தார்கள். போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-ல் ஒன்றாக வெளிவந்தன. தொழில் ஓரளவு விரிந்தது, ஆனால் சராசரியாகக் குடும்ப வருமானம் குறிப்பிடும்படி உயரவில்லை என்பதுதான் கிடைத்த பதில். கடன் கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கடன் மட்டுமே யாரையும் தூக்கிவிடாது என்று அர்த்தம்.

கணக்குநோட்டு சொன்ன நாள் கணக்கு இங்கேயும் வருகிறது. குழுக் கடனில் முதல் தவணை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்திலேயே தொடங்கிவிடும். ஐந்து மாதம் கழித்து முட்டையிடும் கோழிக்கு இரண்டாவது வாரத்தில் தவணை கட்டினால், எந்தப் பணத்தில் கட்டுவீர்கள்? வாங்கிய கடனிலிருந்தேதான். கொல்கத்தாவில் ஒரு பகுதியினருக்கு மட்டும் முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். 2013-ல் அந்த ஆய்வு வந்தது. தள்ளிக் கொடுத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள், பின்னாளில் லாபமும் கூடியது. அதோடு கட்ட முடியாமல் போனவர்களும் கூடினார்கள். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், வேலை போகலாம் என்ற நிலையில் இருக்கும் வீடு தொழில் தொடங்கக் கடன் வாங்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் தொழிலில், வந்து நிற்கும் ஆர்டரை முடிக்கப் பணம் போதவில்லை என்றால் அப்போது வாங்கலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள், இது சேமிப்பு.

தூரத்துவெளிச்சம்

ஐயா சொன்னதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கடன் இல்லாமல், சேமிப்பில் மிகச் சிறிய பங்கில், பழுது பார்க்கும் தையல் என்றால் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கிராமத்தில் எல்லாமே பாக்கியில்தானே ஓடுகிறது? உறவுக்காரர், தெரிந்தவர் என்று எல்லோரும் "அப்புறம் தருகிறேன்" என்றால் என்ன செய்வார்?

கணக்குநோட்டு

அண்ணா தொட்டதுதான் முக்கியமான இடம். நாள் கணக்கு முழுவதும் பாக்கியில் அடிபட்டுப் போகும். இரண்டு நாளில் திரும்ப வேண்டிய காசு இரண்டு மாதம் வெளியே கிடந்தால், தையலும் சோப்பும் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து ஒரு சின்னக் கடை திறந்தார்கள். அவர்களில் பலர் நெசவாளிகள், பசியும் வேலையின்மையும் தலைவிரித்தாடிய ஆண்டுகள் அவை. கடையில் முதலில் வைத்திருந்தது மாவு, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். கூட்டுறவு இயக்கத்துக்கே முன்மாதிரியானது அந்தக் கடை. அவர்கள் தொடக்கத்திலேயே வைத்த விதிகளில் ஒன்று ரொக்கத்துக்கு மட்டுமே விற்பது. தங்களைப் போலவே காசில்லாதவர்களுக்கு விற்கும்போதும் அந்த விதியைத் தளர்த்தவில்லை. பாக்கி வைத்து விற்கும் கடைகளில் சிக்கி மீள முடியாமல் இருந்தவர்கள் அவர்கள், அதனால் வந்த உறுதி அது.

அக்கா, முதல் நாளிலிருந்தே துணி வாங்கும்போது பாதி, கொடுக்கும்போது மீதி என்று வைத்துவிடுங்கள். முதலில் பாக்கி கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்தினால் மனக்கசப்பு வரும். முதலிலேயே இல்லை என்றால் வழக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையிலேயே முடியாதவர் என்றால் வேலையை இலவசமாகச் செய்து கொடுங்கள், ஆனால் பாக்கி என்று எழுதாதீர்கள். இலவசத்துக்கு நீங்களே ஒரு எல்லை வைத்துக்கொள்ளலாம், பாக்கிக்கு எல்லை வைக்க முடியாது.

நுரைக்குமிழி

நானும் இதற்கு ஓட்டுப் போடுகிறேன். சோப்பில் எனக்குக் கிடைக்கும் ஒரே நிம்மதி, கட்டி சீக்கிரம் கெட்டுப்போகாது, ரொக்கம் வந்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் அடுக்கில் இருக்கும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உங்கள் நேரத்துக்கும் கூலி போடுங்கள். வீட்டில் இருந்து செய்யும் பெண்கள் விலை வைக்கும்போது பொருள் செலவை மட்டும் கூட்டி, அதன் மேல் கொஞ்சம் வைத்து விற்றுவிடுகிறோம். நாளைக்கு வேலை கூடி ஒரு கை துணைக்கு வேண்டியிருந்தால், அவருக்குக் கொடுக்க அந்த விலையில் ஒன்றும் இருக்காது. உங்கள் பகுதியில் கூலி வேலைக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்குமோ, அதையாவது ஒவ்வொரு வேலையிலும் எடுங்கள்.

கோழிக்கூண்டு

சரி, எல்லோரும் தையல் பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். எனக்கும் மறுப்பு இல்லை. தையலில் வரும் லாபத்திலிருந்து பிறகு நாலைந்து பெட்டை வாங்கிக்கொள்ளட்டும். வீட்டு மிச்சத்திலேயே பாதி வளர்ந்துவிடும், பிள்ளைகளுக்கு முட்டை ஆயிற்று.

வாசற்படி

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றையும் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டினேன். கடன் வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்துவிட்டோம். சேமிப்பில் இருபதில் ஒரு பங்கை மட்டும் எடுத்து நூல், ஊசி, இழுப்பான், பட்டன் வாங்கி, மெஷினுக்கு எண்ணெய் போட்டு, பழுது பார்க்கும் தையலில் தொடங்கப் போகிறேன். வாரா வாரம் வருவதில் பாதி வீட்டுக்கு, பாதி பெட்டிக்கு. அந்தப் பணம் போய்விட்டால் மேலே ஒரு காசு போட மாட்டேன் என்றும் எழுதி வைத்திருக்கிறோம். பெட்டி நிறைந்தால் கோழிக்கூண்டு அண்ணன் சொன்ன பெட்டைகள்.

தையல்மணி அக்காவிடம் ஒரு சந்தேகம். துணியைக் கொடுத்துவிட்டுப் பாதிக் காசோடு சிலர் வராமலே இருந்துவிட்டால்? அப்புறம், துணி மாறிப்போனால்?

தையல்மணி

நல்ல முடிவு. இரண்டுக்கும் ஒரே வழி, சீட்டு. ஒரு நோட்டில் பக்கத்துக்கு இரண்டாக எண் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே எண்ணை இரண்டு இடத்தில் எழுதி, ஒன்றைக் கிழித்து வந்தவரிடம் கொடுங்கள், அதே எண்ணைத் துணியின் உள்தையலில் ஒரு துண்டுத் துணியில் எழுதிக் குத்தூசியால் குத்துங்கள். சீட்டில் பெயர், என்ன வேலை, மொத்தக் கூலி, கொடுத்தது, எந்த நாள் வர வேண்டும் என்று இருக்கட்டும். வாங்கும்போதே அவர் எதிரில் பைகளைப் பாருங்கள், இருக்கும் காசையோ சாவியையோ அங்கேயே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். துணியில் ஏற்கெனவே உள்ள கறை, கிழிசல் எல்லாவற்றையும் காட்டி எழுதிக்கொள்ளுங்கள். வராதவர்களுக்கு ஒரு மாதம் கழித்து ஆள் சொல்லி அனுப்புங்கள். சிலருக்கு மீதிக் காசு இருக்காது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு வராமல் இருப்பார்கள். அவர்களிடம் பக்குவமாகப் பேசி இரண்டு தடவையாகக் கொடுக்கச் சொல்லுங்கள், முழுதும் வந்த பிறகு துணியைக் கொடுங்கள்.

வாரக் கடைசியில் நோட்டில் முடிந்த சீட்டுகளை மட்டும் கூட்டுங்கள். முன்பணம் வாங்கி வேலை முடிக்காதது இன்னும் உங்கள் காசு ஆகவில்லை, அதைத் தனி டப்பாவில் வையுங்கள்.

வாசற்படி

நோட்டு இன்றே வாங்கிவிடுகிறேன் அக்கா. தடித்த துணிக்கு 16 ஊசியில் எந்த நூல் போடுவது?

தையல்மணி

பாலியஸ்டர் நூல் போடுங்கள், பருத்தி நூலை விட இழுவை தாங்கும். மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றாகவே இருக்கட்டும். முதலில் வேஸ்ட் துணியை நான்கு மடிப்பாக மடித்து ஓட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் நூல் கொத்தாக வந்தால் மேல் நூல் சரியாகக் கோக்கவில்லை அல்லது தளர்வாக இருக்கிறது. அழுத்துகாலைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி கோத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.